பாத்துப் பேசுங்க, எழுதிடுவா

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதைத் திரும்ப ஆரம்பிக்கப் போவதில்லை. "பாத்துப் பேசுங்கப்பா, நாளைக்கே கதையில வந்துரும்." சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்துக்குள் கதை எழுதுகிற நான் நுழைந்ததும் சித்தப்பா சொன்னது அவ்வளவுதான். இருபது பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒன்று கேட்கிறேன். நான் உள்ளே நுழையும்போது அங்கே என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது? அந்த இடத்திலேயே இல்லாத ஒருத்தியின் விவாகரத்து. வக்கீல் யார், தப்பு யார் மேல், இனி யார் கட்டுவார்கள், எல்லாம் ஆயிற்று. அவளிடம் கேட்டுக்கொண்டா பேசினீர்கள்? பெயரையாவது மாற்றினீர்களா? நான் எழுதினால் பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், அவள் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் யோசிப்பேன். எல்லாரும்தான் பார்க்கிறார்கள், எல்லாரும்தான் சொல்கிறார்கள். எழுதுகிறவள் கீழே தன் பெயரைப் போட்டுத் தொலைப்பதால் அவள் மட்டும் மாட்டிக்கொள்கிறாள்.

"பேச்சு காத்தோட போயிடும், எழுத்து நிக்குமே?" போகாது. என் முதல் கதை வந்தபோது என்னைப் பற்றி இதே கூட்டத்தில் பேசியது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. சொல்லட்டுமா? வேண்டாம், "பாத்தியா, எழுதிட்டா" என்பீர்கள்.

எழுத்தாளர்கள் துரோகம் செய்ததே இல்லையா என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். செய்திருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 1975இல் எஸ்குயர் பத்திரிகையில் தன் நாவலின் ஓர் அத்தியாயத்தை வெளியிட்டார். பணக்காரத் தோழிகள் நம்பிச் சொன்ன ரகசியங்கள் யாருடையவை என்று அடையாளம் தெரிகிற மாதிரி அதில் இருந்தன. நெருங்கியவர்கள் பலர் அத்தோடு அவரிடம் பேசுவதையே விட்டார்கள். கடைசிவரை அந்த நாவலை அவர் முடிக்கவும் இல்லை. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் என்ன கபோட்டியா? நீங்கள்தான் என்ன, அப்பேர்ப்பட்ட ரகசியமா வைத்திருக்கிறீர்கள்? கோபத்தில் சொல்கிறேன், மன்னியுங்கள்.

அடுத்தது "சும்மாதானே உக்காந்திருக்கா". ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில் எழுதியவர். நீங்கள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆசை என்று அவருடைய காதலி ஃபெலிஸ் ஒருமுறை எழுதிவிட்டார். 1913 ஜனவரியில் காஃப்கா போட்ட பதிலில், அப்படி உட்கார்ந்தால் தன்னால் எழுதவே முடியாது, எழுதுகிறவனுக்கு எவ்வளவு தனிமையும் போதாது, இரவுகூடப் போதுமான இரவாக இல்லை என்கிறார். பூட்டிய நிலவறையின் கடைசி அறையில் ஒரு விளக்கோடு இருந்துவிட்டால் போதுமாம். காதலிக்கு எழுதுகிற கடிதம்! ஃபெலிஸை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நான் நிலவறையெல்லாம் கேட்கவில்லை. சாத்திய கதவைத் தட்டாமல் ஒரு மணி நேரம் விடுங்கள் என்கிறேன். தட்டிவிட்டு "எழுதிட்டிருக்கியா, இல்ல சும்மாவா?" என்று கேட்காதீர்கள். வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் எழுதுவதுதான் என்று இத்தனை வருஷமாக யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

வித்தியாசமே இல்லை என்று சாதிக்க வரவில்லை. இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி இரவு, போர்வையின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஏதோ செய்துகொண்டே இருந்தார். தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தடவுகிறார் இல்லை, மடிக்கிறார் இல்லை. நீவுகிறார். அந்த வார்த்தை கிடைத்ததும் மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது பாருங்கள், அதற்காக இன்றுவரை கூசுகிறேன். பதினோரு வருஷமாகிறது, அதை எந்தக் கதையிலும் வைக்கவில்லை. எழுதிடுவா எழுதிடுவா என்கிறீர்களே, எதையெல்லாம் எழுதாமல் வைத்திருக்கிறேன் என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறீர்களா? இதைக்கூட இப்போது உங்கள் பேச்சுதான் எழுதவைத்துவிட்டது.

என்னமோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். பயப்படுகிறீர்களே, படித்துவிட்டாவது பயப்படுகிறீர்களா? மூன்று புத்தகம் வந்துவிட்டது. மூன்றையும் எல்லார் வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வீட்டில் அது மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதையும் எழுதவில்லை. சரி, இப்போது எழுதிவிட்டேன்.

நேற்று ராத்திரி தம்பி கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்குத்தான் சமாதானம் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். "அக்கா, உன் புக்குல நான் வர்றேன்னு சொல்றாங்களே, எத்தனாவது பக்கம்?" என்றான்.

மூன்று புத்தகத்திலும் தம்பி என்று யாருமே கிடையாது. தேடட்டும் என்று அவனிடம் சொல்லவில்லை.