சப்டைட்டில் இல்லாமல் பார்த்த ஜின்

2008. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு எடுத்திருந்த அறை. யாரோ ஒருவனுடைய ஹார்ட் டிஸ்க்கில் ‘லாஸ்ட்’ தொடரின் முதல் சீசன் முழுதும் வந்து சேர்ந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பார்சல் பொங்கலைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்ப்போம். அந்தக் காப்பியில் ஒரே ஒரு குறை. ஜின், சன் என்று ஒரு கொரியக் கணவன் மனைவி வருவார்கள். (சன் என்றதும் அறையில் ஒருவன் டிவி விளம்பர இசையை முணுமுணுப்பான். தினமும்.) அவர்கள் கொரிய மொழியில் பேசும்போது கீழே ஓடவேண்டிய ஆங்கில வரிகள் அதில் கிடையாது. மற்றவர்கள் பேசுவதைப் பாதி கேட்டும் பாதி ஊகித்தும் ஒப்பேற்றிவிடுவோம். இவர்கள் வாயைத் திறந்தால் ஆளுக்கொரு வசனத்தை நாங்களே வைத்துக்கொள்வோம்.

பார்க்காதவர்களுக்காக: 2004 செப்டம்பரிலிருந்து 2010 மே வரை அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஆறு சீசன் வந்த தொடர். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் ஒரு தீவில் விழுகிறது, பிழைத்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். கறுப்புப் புகை, எண்கள் என்று கதை எங்கெங்கோ போனது வேறு விஷயம். எனக்கு அந்தத் தொடர் என்றால் இந்த இரண்டு பேர்தான். கதையை உடைக்கப் போகிறேன். இருபது வருஷம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அறையில் எங்கள் தீர்ப்பு ஏகமனதானது: ஜின் மோசமானவன். வேறென்ன நினைப்பது? ஆரம்பத்திலேயே மனைவியின் கழுத்துப் பட்டனைப் போடச் சொல்லி விரலைக் காட்டுகிறான். யாராவது அவளோடு பேச வந்தால் முகம் சுருங்குகிறது. ஒரு நாள் திடீரென்று சக பயணி மைக்கேல் மேல் பாய்ந்து, அவன் மகன் கண்ணெதிரே கடல் தண்ணீரில் போட்டு அமுக்குகிறான். ஃப்ளாஷ்பேக்கில் ஒரு ராத்திரி வீட்டுக்கு வருகிறான், கையெல்லாம் ரத்தம். குழாயடியில் நின்று கழுவுகிறான். சன் ஏதோ கேட்கிறாள், அறைகிறாள், அவன் ஏதோ கத்துகிறான். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. “கொலைகாரன்டா” என்றான் ஒருவன். கேஸ் முடிந்தது.

அதே எபிசோடில் சன் காட்டுக்குள் மைக்கேலைத் தேடிப்போய் நல்ல ஆங்கிலத்தில் பேசுவாள். அதுவரை வாயே திறக்காதவள். புருஷனுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டது. நாங்கள் விசில் அடித்தோம். பொண்ணு தப்பிச்சிடும் என்று அவ்வளவு சந்தோஷம்.

2021 லாக்டவுனில் அதை மறுபடியும் பார்த்தேன், மனைவியோடு, ஒழுங்கான சப்டைட்டிலோடு. அந்த ரத்தக் கைகளுக்கு இரண்டு எபிசோடு இருக்கிறது. ஒன்று சன் பார்த்தது. பத்துப் பதினோரு எபிசோடு தள்ளி அதே ராத்திரி ஜின் பக்கத்திலிருந்து வருகிறது. மாமனார் பெரிய தொழிலதிபர். தனக்குக் குறுக்கே நிற்கும் அரசு அதிகாரி ஒருவரைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புகிறார், வழிகாட்ட ஜின்னும் கூடப் போக வேண்டும். ஜின் முந்திக்கொண்டு உள்ளே போய் அந்த அதிகாரியை நையப்புடைக்கிறான். இப்போதுதான் உன் உயிரைக் காப்பாற்றினேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு வருகிறான். வீட்டில் கேட்டால், உன் அப்பா சொன்னதைச் செய்கிறேன், எல்லாம் நமக்காகத்தான் என்கிறான். கடற்கரையில் மைக்கேலை அடித்ததற்கும் காரணம் உண்டு. விமானச் சிதைவில் கிடைத்த ஒரு வாட்சை மைக்கேல் கட்டியிருக்கிறான், அது மாமனாருடையது. மைக்கேலுக்கு அது தெரியாது. அதைச் சொல்ல ஜின்னிடம் ஆங்கிலம் இல்லை.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் கொரிய மொழி, ஆங்கிலம், நடுவில் சுவர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சுவர் ஒரு வாரத்தில் பாதி இடிந்துவிடும். இன்னொரு பயணி ஹர்லியும் ஜின்னும் ஒரு பொது வார்த்தைகூட இல்லாமல் கடலில் நின்று மீன் பிடிக்கவில்லையா? இடியாத சுவர், ஒரே மொழி பேசும் இந்த இருவருக்கும் நடுவில்தான். அவன் என்ன வேலை செய்கிறான் என்று அவளிடம் சொல்லவில்லை. மீனவரான தன் அப்பா உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறான். அவள் ஆங்கிலம் கற்றதைச் சொல்லவில்லை, கற்றுக்கொடுத்தவனோடு இருந்த உறவையும் சொல்லவில்லை (அது மூன்றாவது சீசனில்தான் வெளிவரும்). எல்லாம் சுத்தமான கொரிய மொழியில்.

சிட்னி விமான நிலையத்தில் இது உச்சத்துக்குப் போகும். சரியாக 11:15 மணிக்கு வெளியே போனால் அவளுக்காகக் கார் காத்திருக்கும், கடத்திப்போய்க் கொன்றுவிட்டார்கள் என்று வீட்டார் நம்பிக்கொள்வார்கள். இதுதான் அவள் திட்டம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். வரிசையில் நிற்கும் ஜின் ஒரு வெள்ளைப் பூவைத் தூக்கிக் காட்டுகிறான். அழுதுகொண்டே அவனிடமே திரும்பிவிடுகிறாள். இது முன்பே பார்த்ததுதான். எங்களுக்குத் தெரியாமல் போனது, ஜின்னிடமும் ஒரு திட்டம் இருந்தது. அமெரிக்கா போனதும் மாமனாரைத் தலைமுழுகிவிட்டு அவளோடு அங்கேயே இருந்துவிடுவது. அவனை விட்டு ஓட அவள், அவளோடு ஓட அவன், ஒரே விமானத்துக்கு ஒரே வரிசையில். என் மனைவி ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, “ரெண்டுல ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா என்னவாம்?” என்று கேட்டாள். எங்கள் வீட்டுக் கடன் விவகாரம் ஒன்றும் அந்தக் கேள்விக்குள் இருந்தது என்பதால் நான் பிளே பட்டனை அழுத்தச் சொன்னேன்.

தீவிலிருந்து தப்பிக்கக் கட்டிய தெப்பம் எரிகிற எபிசோடுக்கு நான் இன்றும் மயங்குவேன். தீயை அணைக்கப் போன ஜின்னின் கைகள் வெந்திருக்கின்றன. அதைப் பார்த்து, கொளுத்தியவன் இவன்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். மறுபடியும் கைகளை வைத்துத் தீர்ப்பு, நாங்கள் அறையில் செய்த அதே வேலை! மைக்கேல் அடிக்கிறான், ஜின் வாங்கிக்கொண்டு நிற்கிறான். சன் எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் கத்துகிறாள்: நிறுத்துங்கள், அவர் கொளுத்தவில்லை. அவனைக் காப்பாற்றிய அந்த வாக்கியம்தான் அவனை உடைக்கிறது. ஜின்னாக நடித்த டேனியல் டே கிம் அந்த இடத்தில் ஒன்றுமே செய்ய மாட்டார், சும்மா பார்ப்பார். இத்தனை நாள் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தது யார் என்று கேட்கிற பார்வை. 2008இல் சன் கட்சியில் இருந்தவன், இப்போது பாதிக்குமேல் ஜின் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

ஆனாலும், அடக்கி ஆளும் ஆசியக் கணவன், தலைகுனியும் மனைவி என்ற பழைய அச்சிலேயே ஆரம்பத்தில் வார்த்துவிட்டார்கள் என்று அப்போது எழுந்த விமர்சனம் நியாயமானது. பல எபிசோடு கழித்து அவிழ்க்கிற முடிச்சாக இருந்தாலும், பாதியில் சேனல் மாற்றியவன் மனதில் அந்த அச்சுதானே நிற்கும்? எங்கள் அறையே சாட்சி.

இன்னொரு வேடிக்கை. கதையில் ஆங்கிலமே தெரியாத ஜின்னாக நடித்த டேனியல் டே கிம், பூசானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவருக்குச் சரளம் ஆங்கிலம்தான். கொரிய ரசிகர்கள் அவர் உச்சரிப்பைக் கிண்டலடித்தார்கள். சன்னாக வந்த யுஞ்ஜின் கிம்முக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஃபேக்டரியில் இருந்த கொரியன் சாரிடம் ஒரு காட்சியைக் காட்டினேன். ஜின் நாலு வரி பேசுவதற்குள் அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் அவரே சொன்னார், அந்த மொழியில் வினைச்சொல்லின் கடைசியிலேயே மரியாதை ஏறி இறங்கும் என்று. நம் ‘வா’, ‘வாங்க’ மாதிரி. ஆங்கில வரியில் எல்லாம் ஒரே ‘யூ’. ஆக, சப்டைட்டிலோடு பார்த்தும் நான் பார்த்தது முக்கால்தான்.

முதல் சீசன் முடிவில் தெப்பம் புறப்படும்போது சன் அவனிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுப்பாள். ஆங்கில வார்த்தைகளை எப்படிச் சொல்வது என்று கொரிய எழுத்தில் எழுதியிருப்பாள். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது, தமிழ் எழுத்தில் கொரியச் சொற்கள். முதல் பக்கத்தில் ‘பல்லி பல்லி – சீக்கிரம் சீக்கிரம்’. லைனில் நாள் முழுக்கக் காதில் விழுவது அதுதான். ஊரிலிருந்து வந்த அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பல்லி விழுந்த பலன் எழுதி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சன் எழுதிய நோட்டில் பாய்மரம், கடல், உதவி என்றெல்லாம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒளித்து வைத்திருந்த மொழியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அந்த நோட்டை யோசித்த ஆட்களா கடைசி சீசனை எழுதினார்கள் என்று எனக்குச் சந்தேகம். சன் மரத்தில் மோதி விழுகிறாள், ஆங்கிலம் பேசுவது மட்டும் மறந்துபோகிறது. ஜின்னைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிறது. ஜின்னோடு சேருவதற்கு எதற்கய்யா ஆங்கிலம்? பிறகு அந்த நீர்மூழ்கிக் கப்பல். அவள் சிக்கிக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் ஏறுகிறது, அவனை வெளியே போகச் சொல்லிக் கெஞ்சுகிறாள். போகமாட்டான். ‘உன்னை விட்டுப் போகமாட்டேன்’ என்கிறான், ஆங்கிலத்தில். என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் அறைக் காப்பியில் பார்த்திருந்தாலும் அந்த வரி மட்டும் நான்கு பேருக்கும் புரிந்திருக்கும்.