நடுக்கோடு

பேட் சம்மிட் என்றாலே எல்லோரும் 1098 வெற்றி, 8 தேசியப் பட்டம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 38 சீசன் கோச்சாக இருந்த பெண்மணி. அந்த எண்கள் சின்ன விஷயம் இல்லை. ஆனால் எனக்கு அவர் பெயரோடு சேர்ந்து ஞாபகம் வருவது கோர்ட்டின் நடுவில் போட்டிருக்கும் கோடு.

பேட் பள்ளியில் படித்த காலத்தில் டென்னசி பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு ஆட்டம். அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று கூடையில் போட, மூன்று பேர் மறுபாதியில் நின்று தடுக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. உயிரைக் கொடுத்துப் பந்தைப் பறித்தவள் கோடு வரை வந்து அடுத்த பக்கம் நிற்பவளிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தடுப்பு ஆட்டக்காரியாக நிறுத்தப்பட்ட பெண், போட்டியில் ஒரு தடவைகூடக் கூடையைக் குறிபார்க்காமலே பள்ளியை முடிப்பாள். முழுக் கோர்ட்டும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

பேட் பண்ணையில் வளர்ந்தவர். மாடு கறந்தார், வைக்கோல் கட்டு தூக்கினார், புகையிலை வயலில் வேலை செய்தார். போக வேண்டிய பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதற்காக அப்பா குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றினார். அப்படிப் போய்ச் சேர்ந்த பள்ளியிலும் பாதிக் கோர்ட்தான்.

1974இல் கோச் ஆனபோது அவருக்கு 22 வயது. மாதம் 250 டாலர். வேன் ஓட்டுவதும் அவர்தான், சீருடை துவைப்பதும் அவர்தான். முதல் ஆட்டம் 84-83 என்று ஒரு புள்ளியில் போனது. கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் 9 சட்டத்தால் கல்லூரிகள் மெல்ல மெல்லப் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை தர ஆரம்பித்தன. அந்தக் கோடு எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாதி ஆட்டம் மட்டும் பழகிய பெண்ணை எந்தக் கல்லூரி காசு கொடுத்துச் சேர்க்கும்? பறிபோனது வெறும் விளையாட்டு இல்லை, ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு.

விதியை மாற்றாவிட்டால் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளை எடுக்கப்போவதில்லை என்று பேட் உறுதியாக நின்றார். தன் ஊரிலேயே கெட்ட பெயர் வாங்கித் தரக்கூடிய பேச்சு அது. 1979இல் டென்னசி, முழுக் கோர்ட்டும் ஓடும் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறியது. அயோவா மாநிலம் மாற 1993 ஆனது, ஓக்லஹோமா 1995 வரை இழுத்தது. அவர் ஜெயித்த ஆட்டங்களிலேயே பெரியது இதுதான் என்பேன்.

அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு வாருங்கள் என்று பிற்பாடு அவரைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அது எப்படி ஒரு படி மேலே போவதாகும் என்று திருப்பிக் கேட்டார். கல்லூரியில் முழுக் காலமும் தன்னிடம் ஆடிய ஒவ்வொரு பெண்ணையும் படித்துப் பட்டம் வாங்க வைத்தவர் கேட்ட கேள்வி அது.

2011இல், 59 வயதில், அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்தது. ஒளிக்காமல் ஊருக்கே சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு சீசன் கோச்சாகப் பெஞ்சில் உட்கார்ந்தார், அந்த அணி 27 ஆட்டம் ஜெயித்தது. 2012இல் விலகினார், 2016இல் இறந்தார்.

அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஹாலி வார்லிக். பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் ஊர்ப் பெண், பேட்டின் பழைய ஆட்டக்காரி, பல வருடம் உதவிப் பயிற்சியாளர். பள்ளியில் அவர் 400 மீட்டர் ஓட்டத்தில் மாநில சாம்பியன். அந்தப் பெண்ணையும் கூடைப்பந்து என்று வந்தபோது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தார்கள்.