உர்பினோ அரண்மனை யார் காசு?

15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் உர்பினோவை ஆண்ட கூலிப்படைத் தலைவர் ஃபெதெரிகோ தா மோன்தெஃபெல்த்ரோவின் ஓவியத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிவப்புத் தொப்பி, மேல்பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு மூக்கு. பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்தது. முகத்தின் இடப்பக்கம் மட்டும்தான் தெரியும். வலது கண் ஈட்டிப் போட்டியில் போய்விட்டது.

கூலிப்படைத் தலைவர்களிலேயே இவர் ஒருவரை மட்டும் 'அறிஞர் அரசர்' என்று எல்லாரும் கொண்டாடுவதில் எனக்கு எரிச்சல் உண்டு. உர்பினோ ஒரு சின்ன மலை ஊர். துறைமுகம் கிடையாது, பெரிய வணிகமும் கிடையாது. பிறகு அவ்வளவு பெரிய அரண்மனையும் நூலகமும் எப்படி வந்தன? அந்த ஊரின் ஏற்றுமதியே போர்தான். மிலான், நேப்பிள்ஸ், ஃபுளோரன்ஸ், போப்பாண்டவர் என்று யார் பணம் கொடுத்தாலும் ஒப்பந்தம் போட்டுப் படை நடத்துவார். எதிரியிடம் போய்விடாமல் இருக்க, சண்டை இல்லாத காலத்திலும் சம்பளம் கொடுத்தார்கள்.

சொந்த ஊருக்கு நல்லவர்தான், மறுக்கவில்லை. 1444-இல், அப்போது ஊரை ஆண்ட, அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பியை ஊராரே வெட்டிக் கொன்றார்கள். வரியைக் குறைப்பது உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்ட பிறகே இவர் பதவியில் அமர்ந்தார். மலைக்கிராமத்து ஆட்கள் இவர் படையில் சேர்ந்தார்கள், கூலி ஊருக்கு வந்தது. காவலில்லாமல் தெருவில் நடந்து கடைக்காரர்களோடு பேசுவார் என்று எழுதியவர் வெஸ்பாசியானோ. அவர் இவருக்குப் புத்தகம் விற்றவர் என்பதையும் நினைவில் வைக்கலாம்! ரிமினியை ஆண்ட சிகிஸ்மோந்தோ மலதெஸ்தாவுக்கும் இதே தொழில்தான். அவரும் கலையை வளர்த்தவர். ஆனால் போப்போடு மோதியதால், உயிரோடிருக்கும்போதே நரகத்துக்கு என்று தீர்ப்பு எழுதி, கொடும்பாவியும் கொளுத்தினார்கள்.

சரி, வோல்தேரா என்ற ஊரின் கதைக்கு வருவோம். 1472-இல் படிகாரச் சுரங்கத் தகராறில் ஃபுளோரன்ஸ் அந்த ஊரை அடக்க இவரை அனுப்பியது. சொத்துக்கும் உயிருக்கும் ஆபத்து வராது என்ற உறுதியை நம்பி ஊர் சரணடைந்தது. உள்ளே போன படை சூறையாடியது. 'படை கட்டுமீறிவிட்டது, அவர் தடுக்கத்தான் பார்த்தார்' என்பார்கள். அப்படியானால் அங்கிருந்த எபிரேய விவிலியச் சுவடி எப்படி இவர் நூலகத்துக்கு வந்தது? இப்போது அது வத்திக்கானில் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் இவரை வரவேற்று வெள்ளித் தலைக்கவசம் பரிசளித்தது.

ஆறு வருடம் கழித்து, அதே ஃபுளோரன்ஸில், அந்த நகரின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லொரென்சோ தெ மெதிச்சியைக் கொல்லச் சதி நடந்தபோது, நகருக்கு வெளியே காத்திருக்க 600 வீரர்களை அனுப்பியவரும் இவர்தான். சங்கேத எழுத்தில் இருந்த இவருடைய கடிதத்தை இந்த நூற்றாண்டில் படித்த பிறகே இது வெளியே தெரிந்தது. 1478-இல் இவருக்குச் சம்பளம் கொடுத்தது போப்பும் நேப்பிள்ஸ் அரசரும்.