ஃபாக் லைட்டு ஷோவுக்கு இல்லங்க

பனியும் இல்ல, மழையும் இல்ல, ராத்திரி வானம் பளிச்சுன்னு கெடக்கு, ஆனா எதிர்ல வர்ற கார்ல ஹெட்லைட்டோட சேர்த்து கீழ ரெண்டு ஃபாக் லைட்டும் எரியுது. ஏன்ப்பான்னு கேட்டா "எரியட்டுமே, வெளிச்சம் கூடத்தானே வரும்"ங்கறாங்க. கிட்டக்க வேணும்னா கூடும், தூரத்துக்கு வராது. அதச் சொல்லத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

பனிமூட்டம்னா காத்துல மெதக்குற பொடிப்பொடித் தண்ணித்துளிதான். அதுமேல ஹை பீம், அதான் தூரத்துக்கு அடிக்கிற ஹெட்லைட், அடிச்சா வெளிச்சம் செதறி நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், கார் முன்னாடி வெள்ளை வேட்டியக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆயிரும். ஃபாக் லைட்ட பம்பர்ல அவ்ளோ கீழ வெச்சதுக்குக் காரணமே இதான். அதோட பீம் அகலமா, தட்டையா, மேல்பக்கம் வெட்டிவிட்டாப்ல இருக்கும், அதனால நம்ம கண்ணுக்கு நேரா இருக்குற பனியில அதிகமா வெளிச்சம் படாது, ரோட்டோட ரெண்டு ஓரமும் நடுக்கோடும் மட்டும் கிட்டக்கத் தெரியும். தரையிலேர்ந்து 800 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ஐநா வாகன விதி 48லயே இருக்கு. அப்ப ரூஃப்ல எல்இடி பார் மாட்டிட்டு அதயும் ஃபாக் லைட்டுங்கறவங்கள என்ன சொல்றது, உடுங்க.

கிட்டக்க மட்டும்தான் தெரியும்ங்கறதுதான் இங்க முக்கியம். மெதுவா உருட்டிட்டுப் போறப்ப அது போதும். ஆனா தெளிவான ராத்திரியில வேகமாப் போறப்ப அதே லைட்டு நம்மள ஏமாத்தும், ஏன்னா மூக்குக்கு முன்னாடி ரோடு பளபளன்னு இருந்தா கண்ணுல பாப்பா சுருங்கிரும், தூரத்துல இருட்டுல நிக்கிற ஆளோ மாடோ இன்னும் மங்கலாத்தான் தெரியும், நமக்கோ "ஆஹா என்னா வெளிச்சம்"னு ஒரு தைரியம் வந்து இன்னும் மிதிப்போம். தெரியாம ஓட்டுறதவிட, நல்லாத் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுறதுதான் எனக்கு பயம்.

மஞ்சக் கலர் போட்டா பனியக் கிழிச்சுட்டுப் போகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பனித்துளி ஒளியோட அலைநீளத்தவிடப் பல மடங்கு பெருசு, அது எல்லாக் கலரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் செதறடிக்கும். நீலம் கம்மியா இருக்கறதால மஞ்சள் கண்ணக் கூசாதுன்னு சொல்றவங்க உண்டு, அதுக்காக வேணும்னா போட்டுக்கங்க. பிரான்ஸ்ல 1993 வரைக்கும் ஹெட்லைட்டே மஞ்சளாத்தான் இருந்துச்சு. ஆனா வேலை செய்யறது பீமோட வடிவம்தான், கலர் இல்ல. ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச கூட்டுக்குள்ள கண்ட எல்இடியச் சொருகுனா அந்த வடிவமும் போச்சு.

இப்ப பின்னாடி ஃபாக் லைட்டு. இதப் பத்தி யாரும் பேசறதே இல்ல, ஆனா அடர்பனியில உயிரக் காப்பாத்துறது பெரும்பாலும் இதுதான். பிரேக் லைட் அளவுக்கு வெளிச்சமான சிவப்பு, பின்னால வர்றவன் நம்மளப் பாக்கறதுக்காக. நெறைய வண்டியில ஒரே பக்கம்தான் எரியும், பல்பு போயிருச்சுன்னு மெக்கானிக்க அலைய விடாதீங்க. டேஷ்போர்டுல பச்சை எரிஞ்சா முன்னாடி, ஆரஞ்சு எரிஞ்சா பின்னாடி. அந்த ஆரஞ்ச மட்டும் மறக்காதீங்க, பனி வெலகுன பெறகும் எரிஞ்சுட்டே இருந்தா பின்னால வர்றவன் கண்ணு கூசும், நீங்க பிரேக் அடிக்கிறதும் அவனுக்குச் சட்டுன்னு புரியாது. ஜெர்மனிக்காரன் இதுல கறாரு. பனியில 50 மீட்டருக்குக் கீழ பார்வை கொறஞ்சாத்தான் அதப் போடலாம், அந்த அளவு பார்வை கொறஞ்சா வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரத் தாண்டக்கூடாது. லைட்டையும் வேகத்தையும் ஒரே அளவுல கட்டிவெச்சது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. 80ல போறப்ப ஆபத்தப் பாத்து சுதாரிச்சு பிரேக் அடிச்சு வண்டி நிக்க மொத்தம் 53 மீட்டர் ஆகும்னு பிரிட்டன் ஹைவே கோடு கணக்கு சொல்லுது. 50 மீட்டர் மட்டும் தெரியிற பனியில 80ல போறவன் எதையும் பாத்து நிறுத்தப் போறதில்ல, முட்டித்தான் நிக்கப் போறான்.

இருட்டுனா தானா எரியிற ஆட்டோ லைட்ட நம்புறவங்களுக்கு ஒண்ணு. அந்த சென்சாருக்கு வெளிச்சம் தெரியும், பனி தெரியாது. பகல்ல வெள்ளை வெளேர்னு பனி எறங்கியிருந்தா வெளிச்சம் நெறைய இருக்குன்னு சும்மா இருந்துரும். முன்னாடி டிஆர்எல், அதான் பகல்ல தானா எரியிற சின்ன லைட்டு, எரியும், நாமளும் லைட் எரியுதுன்னு நிம்மதியாப் போவோம், ஆனா நெறைய கார்ல பின்னாடி ஒரு லைட்டும் எரியாது. கையால லோ பீமுக்கு, அதான் கீழ்ப்பக்கமா அடிக்கிற ஹெட்லைட்டுக்கு, திருப்பிருங்க. நாலு இண்டிகேட்டரையும் தட்டிவிட்டு ஓட்டுறதும் வேணாம், நீங்க திரும்பப் போறீங்களா நிக்கிறீங்களான்னு யாருக்கும் தெரியாது.

மழைக்குப் போடலாமான்னு எப்படியும் கமெண்ட்ல கேப்பீங்க. ரோடே தெரியாத பேய்மழைன்னா லோ பீமோட முன்னாடி ஃபாக் போடுங்க. சாதா மழைக்கு வேணாம், ஈர ரோட்டுல பட்டு எதிர்ல வர்றவன் கண்ணுலதான் அடிக்கும். பின்னாடி ஃபாக் அதுக்கும் மேல, தண்ணி வழியிற கண்ணாடி வழியாப் பாக்கறவனுக்கு அந்தச் சிவப்பு பரவி முன்னாடி ஒண்ணுமே தெரியாம ஆக்கிரும்.