விளையாட்டுக்குள் எடுத்த படமும் படம்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. பல நாளாக மனசில் கிடக்கிற விஷயம் என்பதால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

நம்ம பக்கம் நடந்த ஒரு குறும்படப் போட்டிக்கு ஆலங்குளத்துப் பையன்கள் நாலு பேர் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். முழுப் படமும் ஜிடிஏ ஃபைவ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் எடுத்தது. "கேமரா இல்லை, நடிகர் இல்லை, இது கேம் வீடியோ, குறும்படம் ஆகாது" என்று பதில் வந்ததாம். படம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் சரி, போட்டி என்றால் அப்படித்தான். படமே இல்லை என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து பிழைக்கிறவன் நான். ஒரு காட்சிக்குப் பின்னால் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று தெரியும். அந்தப் பையன்கள் எடுத்தது படம்தான், அதுவும் நல்ல படம்.

சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவரின் கதை. ஊரில் அவருடைய அம்மா பீடி சுற்றுகிறாள். போனில் பேசும்போது, "எய்யா, இங்க நல்ல மழைய்யா, அங்க எப்டி?" என்று கேட்கிறாள். அடுத்த போன் அவள் இறந்த செய்தி. லீவு கிடைக்கவில்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, தூக்கிக்கொண்டு போவதை வீடியோ காலில் பார்க்கிறார். அவ்வளவுதான் கதை. நால்வரில் ஒருவனுடைய அப்பா நிஜமாகவே சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர். டிரைவருக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். எந்த நடிகரைக் கூட்டி வந்தாலும் அந்தக் குரல் கிடைக்காது.

அந்த விளையாட்டு நடப்பது தெற்குக் கலிபோர்னியாவை மாதிரியாக வைத்துக் கட்டிய ஒரு கற்பனை மாநிலத்தில். அதன் வடக்கே பெரிய பாலைவனம் இருக்கிறது. அதைத்தான் பையன்கள் சவூதி ஆக்கிக்கொண்டார்கள். பல பேர் துப்பாக்கியோடு சுற்றுகிற அந்த இடத்தில் இவர்கள் ஒரு லாரியையும் ஒரு மனிதரையும் நிறுத்தினார்கள். விளையாட்டில் உள்ள அந்த உருவத்துக்கு அழத் தெரியாது, கண்ணீர் வராது. அதனால் செய்தி வரும் இடத்தில் முகத்தைக் காட்டவே இல்லை. வண்டியைப் பின்னாலிருந்து காட்டுகிறார்கள். பிரேக் லைட் எரிந்தபடியே இருக்கிறது, பின்னால் வருகிற கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன. இந்த ஷாட்டை யோசித்தவனுக்கு வயசு இருபதுகூட இல்லை.

'கேமரா இல்லை' என்று சொன்னவர்களுக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்காது. 2015-இல் இந்த விளையாட்டு கம்ப்யூட்டருக்கு வந்தபோது, உள்ளேயே ராக்ஸ்டார் எடிட்டர் என்ற வசதியையும் வைத்தார்கள். முதலில் விளையாடியதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். யார் எங்கே நின்றார்கள், வண்டி எப்படித் திரும்பியது என்ற விவரமாக அது சேமிக்கப்படுவதால், பிறகு அதே காட்சியை இன்னொரு கோணத்திலிருந்து எடுக்கலாம். ஃபோகஸ், வேகம் எல்லாம் நம் கையில். டைரக்டர் மோடில் எந்த நேரம், எந்த வானிலை, யார் நடிப்பது என்றும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆளை விட்டு ரொம்ப தூரம் கேமரா விலகாது. வேண்டிய கை அசைவு விளையாட்டில் இல்லையென்றால் அந்த அசைவு கிடையாது. கேமராவை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், எப்போது வெட்ட வேண்டும் என்ற முடிவுகளை இவர்களும் எடுத்தாக வேண்டும். நான் மண்டபத்தில் எடுக்கிற அதே முடிவுகள்தான்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1996-இல் குவேக் என்ற விளையாட்டு வந்த வருஷமே, ரேஞ்சர்ஸ் என்ற விளையாட்டுக் குழு அதற்குள் 'டைரி ஆஃப் எ கேம்பர்' என்ற குட்டிப் படத்தை எடுத்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாது, வசனமெல்லாம் திரையில் எழுத்தாக வரும். 2003-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் சில நண்பர்கள் ஹேலோ விளையாட்டுக்குள் 'ரெட் வெர்சஸ் ப்ளூ' தொடரை ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் ஹெல்மெட், ஒருத்தர் முகமும் தெரியாது. பேசுகிற உருவம் மட்டும் தலையை ஆட்டும், அதை வைத்துத்தான் யார் பேசுகிறார் என்று பார்ப்பவருக்குப் புரியும். இந்த ஒரே உத்தியை நம்பி ஆரம்பித்த தொடர் இருபது வருஷம் ஓடியது. இந்த வகைக்கு மஷினிமா என்று பெயர். நம்ம பையன்களுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. முகம் காட்டாமல் துக்கத்தைச் சொல்லும் வழியை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 2005-இல் பிரான்சில் நடந்தது. அந்த வருஷம் அக்டோபரில் போலீசுக்குப் பயந்து ஒரு துணை மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். பாரிஸ் புறநகரங்கள் கொதித்தன. அலெக்ஸ் சான் என்பவர், அதுவரை படமே எடுக்காதவர், 'தி மூவீஸ்' என்ற விளையாட்டை வைத்து 'தி ஃப்ரெஞ்ச் டெமாக்ரசி' என்ற படத்தைச் சில நாட்களில் எடுத்து வெளியிட்டார். கறுப்பினத்து, அரபு இளைஞர்கள் தினம் படும் அவமானம்தான் படம். அந்த விளையாட்டில் பாரிஸ் நகரமே கிடையாது. நியூயார்க் மாதிரி இருந்த செட்டை பாரிஸ் என்று வைத்துக்கொண்டார். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் அவர் சொல்ல வந்தது சுடச்சுட இருந்தது. கலிபோர்னியாப் பாலைவனத்தை சவூதி ஆக்கிய நம்ம பையன்கள் அந்த மனிதரின் வழியில்தான் வருகிறார்கள்.

ஒரு சின்னக் குறும்படம் எடுப்பதென்றால் கேமரா வாடகை, லென்ஸ், லைட், வேன், எல்லாருக்கும் சாப்பாடு, லொக்கேஷனுக்கு யார் காலிலாவது விழுவது என்று எவ்வளவு இருக்கிறது! நெடுஞ்சாலையில் டிரெய்லரை நிறுத்தி எடுக்க வேண்டுமென்றால் எனக்கே கட்டுப்படியாகாது. அந்தக் கதை ஆலங்குளம், முக்கூடல், கடையம் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறது, எடுக்கத்தான் யாரிடமும் காசு இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரும் தள்ளுபடியில் வாங்கிய ஒரு விளையாட்டும் அதைச் சாத்தியமாக்கியது என்றால், சினிமாவை நேசிக்கிற யாரும் சந்தோஷப்பட வேண்டாமா?

அப்புறம் பேச்சு. பெரிய திரையில் நெல்லைத் தமிழ் வந்தாலே ஒன்று அரிவாள் வரும், இல்லாவிட்டால் காமெடி வரும். 'ஏலேய்' என்று கத்தினால் தியேட்டரில் சிரிப்பார்கள். நம்ம பேச்சில் ஒரு ஆள் மெதுவாகத் துக்கம் சொல்வதையோ, ஒரு அம்மா மழையைப் பற்றிச் சொல்வதையோ எத்தனை படத்தில் கேட்டிருக்கிறோம்? இந்தப் படத்தில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்னணி இசைக்குக்கூட சினிமாப் பாட்டைத் தொடவில்லை. ஒருவனுடைய மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். அவரை அடிக்கச் சொல்லி போனில் பதிவு செய்திருக்கிறார்கள்.

'அடுத்தவன் செய்து வைத்த உருவத்தை எடுத்துக்கொண்டு படம் பண்ணுவது சொந்தப் படைப்பா?' இதையும் ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். கோவில் கொடை பார்த்து வளர்ந்த நாம் கேட்கக்கூடாத கேள்வி இது. வில்லடிக்கிற அண்ணாவி கதையை அவரா உண்டாக்கினார்? சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒவ்வொருவரும் தன் கோவிலுக்கும் தன் சனத்துக்கும் ஏற்ற மாதிரி விரித்துப் பாடுகிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போனவர்கள், பட்டவராயன் என்று அங்கே கும்பிடப்படும் முத்துப்பட்டனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிராமணனான அந்தப் பட்டன் கல்யாணம் செய்துகொண்ட பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள். பிறப்பால் அவர்கள் பிராமணப் பெண்கள்தான் என்று சொல்கிற பாடமும், அதாவது கதையின் இன்னொரு வடிவமும், உண்டு. அது பின்னால் சேர்த்த மாற்றம் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை எழுதினார். ஆக, திரும்பச் சொல்லும்போது கதை கூர்மையாவதும் உண்டு, மழுங்குவதும் உண்டு. எல்லாப் பாடத்தையும் யாராவது சேர்த்து வைத்தால்தானே எது எப்போது மாறியது என்று தெரியும்?

வானமாமலையும் நெல்லை ஆய்வுக் குழுவும் அந்த வேலையைச் செய்தார்கள். படித்தவர்கள் இலக்கியம் என்றே மதிக்காத கதைப்பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்து, 'ஆராய்ச்சி' என்று பத்திரிகையும் நடத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 'இது படம் ஆகாது' என்று பார்க்காமலே சொல்வது நமக்கு அழகில்லை.

எல்லாமே நல்ல படைப்பு என்று நான் சொல்லவில்லை. ஹீரோ நடந்து வருவதை விளையாட்டு உருவத்துக்கு மாற்றி, மேலே பன்ச் டயலாக் ஒட்டிய வீடியோக்கள்தான் அதிகம். பத்து பார்த்தால் ஒன்பது ஒரே மாதிரி இருக்கும். பெண் பாத்திரங்கள் விஷயத்தில் ஜிடிஏ ரொம்ப மோசம். பையன்களுக்கு பீடி சுற்றுகிற அம்மா மாதிரி ஒரு உருவம் அதில் கிடைக்கவே இல்லை, கடைசியில் குரலை மட்டும் வைத்துச் சமாளித்தார்கள். இது உண்மையான குறை. இதைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசலாம், பேச வேண்டும். படமாக மதித்தால்தானே அந்தப் பேச்சு ஆரம்பமாகும்?

இன்னொன்று உரிமை. ஹேலோ போன்ற தன் விளையாட்டுகளுக்குள் இப்படிப் படம் எடுக்க 2007-இல் மைக்ரோசாஃப்ட் எழுத்தில் விதிமுறை போட்டு அனுமதி கொடுத்தது. காசு பண்ணாதவரை பரவாயில்லை என்பதுதான் அதன் சாரம். ஆனால் அது அவர்கள் கொடுக்கிற சலுகை, வேண்டாம் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி இவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ரசிகர் படைப்பு, அதாவது தனக்குப் பிடித்த விளையாட்டையோ கதையையோ வைத்து ரசிகரே உண்டாக்குவது, என்று தனியாக ஒரு வார்த்தை அதில் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை, இவை காணாமல் போவதுதான். மஷினிமா என்ற பெயரிலேயே ஒரு பெரிய யூடியூப் சேனல் இருந்தது. 2019 ஜனவரியில் அதன் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாக யாரும் பார்க்க முடியாதபடி மாற்றிவிட்டார்கள். எடுத்தவர்களில் பலரிடம் சொந்தப் பிரதி கிடையாது. நமக்கும் இது நடந்திருக்கிறது. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டது. தடை சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. நம்ம கிராமத்துப் பிள்ளைகள் ஆடியது, பாடியது, நடித்தது எவ்வளவு அதோடு போச்சு! செப்டம்பரில் பப்ஜியும் போனது. போனில் சேமித்து வைத்தவர்களுக்குத் தப்பியது, மற்றவர்களுக்கு எல்லாம் போனதுதான்.

ரசிகர்களே நடத்துகிற இடமும் உலகத்தில் இருக்கிறது. தாங்கள் எழுதும் கதைகளை எந்தக் கம்பெனியும் அழித்துவிடக் கூடாது என்று 2007-இல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, 2009-இல் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தைத் திறந்தார்கள். நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுகிறது. அறிவியல் புனைவு உலகின் பெரிய விருதான ஹ்யூகோ 2019-இல் அதற்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிதாக நம்மால் இப்போது முடியாது. ஆனால் நாலு பேர் சேர்ந்தால் ஒரு அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க் வைக்க முடியும்.

அதனால் நான் ஆரம்பிக்கிறேன். பாளையங்கோட்டையில் என் எடிட்டிங் அறைக்கு மேலே ஒரு சின்ன ஹால் காலியாக இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் படங்களைத் திரையிடப் போகிறேன், முதல் படம் ஆலங்குளம் பையன்களுடையது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். ஜிடிஏ, மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் எதில் எடுத்திருந்தாலும் சரி. குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும், பேச்சு நம்ம பேச்சாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். பென்டிரைவில் கொண்டு வாருங்கள். முடிந்த படத்தோடு புராஜெக்ட் ஃபைல், தனியாகப் பதிவு செய்த குரல், யார் யார் வேலை செய்தார்கள் என்று ஒரு தாள், மூன்றும் வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை என்னிடமும் ஒன்றை வேறு ஊரிலும் வைக்கலாம் என்று இருக்கிறேன். அந்த இரண்டாவது டிஸ்க்கைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளத் தென்காசிப் பக்கம் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கல்லூரியில் விஸ்காம் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் வந்தால், முதல் வரிசையில் உட்கார வைப்பேன்.