பாஸ்க் சீஸ்கேக் வழியக் கூடாது

வெட்டியதும் நடுவிலிருந்து குழம்பாக வழிகிற பாஸ்க் சீஸ்கேக் ரீல்ஸ் எக்கச்சக்கம். பல வீடியோக்களில் அது பக்குவமே இல்லை, முட்டை சரியாக வேகவில்லை. நடுப்பகுதி கெட்டித் தயிர் போல நின்றால் போதும்.

ஆனாலும் வீட்டில் செய்ய இதைவிடச் சுலபமான சீஸ்கேக் கிடையாது என்பேன். பிஸ்கட் அடித்தளம் வேண்டாம், டின்னை வெந்நீர் ட்ரேயில் வைத்து வேகவிட வேண்டாம். ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் லா வின்யா உணவகம் புகழ்பெறச் செய்த இந்த கேக்குக்குக் கருகிய மேல்தோல்தான் அடையாளம்.

20 செ.மீ. டின்னுக்கு கிரீம் சீஸ் 600 கிராம், சர்க்கரை 180 கிராம், முட்டை 4, கிரீம் 300 மி.லி., மைதா 15 கிராம், உப்பு கால் டீஸ்பூன். கிரீம் பால் கொழுப்பு 35% உள்ளதாக இருக்கட்டும். கேக் அலங்காரத்துக்கு விற்கும், தாவர எண்ணெயில் செய்த இனிப்பு விப்பிங் கிரீம் இதற்கு ஆகாது.

பாதிப் பேருக்குச் சொதப்புவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலப்பதால்தான். குளிர்ந்த சீஸ் கட்டி கட்டியாக நிற்கும். அதைக் கரைக்க பீட்டரை வேகமாக ஓட்டினால் காற்று புகுந்து, ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் பள்ளமாகிவிடும். 2 மணி நேரம் முன்பே சீஸை வெளியே வையுங்கள். முதலில் சீஸும் சர்க்கரையும் மட்டும் மழமழவென்று குழைய வேண்டும். பிறகு முட்டை ஒவ்வொன்றாக, கடைசியில் கிரீம், சலித்த மைதா. கட்டி தெரிந்தால் வடிகட்டிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேக்கிங் பேப்பர் டின்னுக்கு மேல் 5 செ.மீ. நிற்கட்டும், கேக் எழும்பும். நன்றாகச் சூடேறிய ஓவனில் 220 டிகிரி. 35 நிமிடத்திலிருந்து கண் வையுங்கள்: ஓரம் இறுகி, டின்னை அசைத்தால் நடுப்பகுதி ஒட்டுமொத்தமாக ஆட வேண்டும், அலையடிக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 70 டிகிரி தாண்டியதும் எடுத்துவிடுங்கள். ரொம்ப வெந்தால் முட்டைப் புரதம் சுருங்கித் தண்ணீர் விடும், வாயில் நறநறக்கும். வேகும் முன்பே மேலே கருகுகிறதா? டின்னை ஓவனில் ஒரு அடுக்கு கீழே இறக்குங்கள்.

சூடாக வெட்டாதீர்கள். அறைச் சூட்டுக்கு ஆறியபின் ஃப்ரிட்ஜில் 6 மணி நேரம். கொழுப்பு இறுகினால்தான் துண்டு நிற்கும்.

அப்புறம் இந்தப் பிஸ்தா சாஸ் மோகம். மேல்தோலின் லேசான கசப்புதான் இதன் ருசியே, அதைப் போய் இனிப்பால் மூடுவானேன்? ஊற்றியே தீருவேன் என்றால் சர்க்கரையை 150 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.