ஸ்டாட்டின் மாத்திரை முன்சூல்வலிப்பைத் தடுக்குமா? உண்மை விளக்கம்
“கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை ரத்தக்குழாய்களைக் காக்கும், கர்ப்பிணிகள் சாப்பிட்டால் முன்சூல்வலிப்பு வராது” என்று பரவும் தகவல் தவறானது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் இந்நோயில் (ப்ரீஎக்ளாம்ப்சியா) நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கவிடுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து முடக்குவதால், ரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது. ஸ்டாட்டின் வகை மருந்தான பிரவாஸ்டாட்டின் ஆய்வகத்தில் இப்புரதத்தைக் குறைத்தது உண்மைதான். நம்பிக்கை பிறந்ததும் அதனால்தான். ஆனால் 2021இல் வெளியான மருத்துவ ஆய்வில், 35 முதல் 37 வாரங்களுக்குள் அதைத் தொடங்கிய பெண்களிடம் நோய் குறையவில்லை.

பழைய மருந்துகளில் தடுப்புக்கென உறுதிப்பட்டிருப்பது குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஆபத்து மிகுந்த பெண்கள் 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி இரவுதோறும் 150 மில்லிகிராம் எடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் பிரசவம் தேவைப்படும் வகை முன்சூல்வலிப்பு, மருந்தில்லாப் போலி மாத்திரை எடுத்தவர்களின் 4.3 விழுக்காட்டுக்குப் பதில் 1.6 விழுக்காட்டினருக்கே வந்தது. அதையும் மருத்துவர் ஆபத்தைக் கணித்துச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.